விறைப்பு

இராசநாயகம் அந்தச் சொல்லைச் சொன்னதற்கும், அவரை அறுவைக் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு போனதற்கும் இடையில் இருபத்தாறு மணி நேரம். மருத்துவமனைக் கோப்பில் அப்படித்தான் இருக்கிறது. யாரும் அதை மறுக்கவில்லை. அந்த இருபத்தாறில் எவ்வளவு மொழியால் போனது, எவ்வளவு தன்னால் போனது என்பது சுபாஷினிக்கு மட்டும்தான் தெரியும்.

மலேசிய ரிங்கிட்டின் மதிப்பு விழுந்த வருடம் அது. சுபாஷினி கிள்ளானிலிருந்து வந்து ஆக்லாந்தில் கைரோபிராக்டிக் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தாள். முதுகெலும்பைக் கையாலேயே சரிசெய்யும் படிப்பு. ஊரில் அம்மா எல்லாரிடமும் "முதுகெலும்பு டாக்டர்" என்று சொல்லி வைத்திருந்தாள். எலர்ஸ்லியில் அவளோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட யாழ்ப்பாணத்து வித்தியா, "நெட்டி முறிக்கிறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கொரு பட்டம்" என்பாள். நெட்டி முறிக்கும் படிப்புக்கு அந்த ஆண்டு ஒரு கதவு திறந்தது. நகரத்து மருத்துவமனை ஒன்று, கைரோ மாணவர்கள் மூன்று பேரைத் தன் முதுகுவலிப் பிரிவில் மருத்துவ மாணவர்களோடு சேர்ந்து உட்கார அனுமதித்தது. சோதனை ஏற்பாடுதான். சில மாதம் கழித்துத் தொடரலாமா, வேண்டாமா என்று பார்ப்பார்கள்.

"கேட்டால் பேசுங்கள். கேட்காதபோது கவனியுங்கள்," என்று அவர்களுடைய ஆசிரியர் மால்கம் முதல் நாளே சொல்லிவிட்டார். "நம் பள்ளிக்கூடமே இப்போது உங்கள் முதுகில்தான் உட்கார்ந்திருக்கிறது."

சுபாஷினிக்கு அது சிரமமில்லை. கேட்டால்கூடப் பேசாதவள் அவள். அறிவியல் பட்டம் வாங்கியபோது மேடையில் துணைவேந்தர் "வாழ்த்துகள்" என்றதற்கு நன்றி சொல்ல வாய் வராமல் இறங்கி வந்தவள்.

பிரிவை நடத்திய டாக்டர் ஃபியோனா ரீட் கெட்டவர் இல்லை. வேகமானவர். கைரோ மாணவர்களுக்கு மூலையில் மூன்று முக்காலிகள் போட்டுக் கொடுத்திருந்தார். ஆனால் மூன்று மாதமாகியும் ஒரு நோயாளியைக்கூட அவர்கள் பக்கம் அனுப்பவில்லை.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இராசநாயகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி உள்ளே வந்தார். ஐம்பதைத் தாண்டிய யாழ்ப்பாணத்து மனிதர். தகனினியில் தளபாடக் கிடங்கு ஒன்றில் வேலை. சோபா ஒன்றைத் தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. மகன் தனோஜன் அவரை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குத் திரும்பிப் போயிருந்தான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வியாழக்கிழமைதான் வருவார் என்றார்கள்.

"இங்கே யாருக்காவது இவருடைய மொழி தெரியுமா?" என்று ரீட் கேட்டார்.

சுபாஷினியின் கை பாதி உயர்ந்தது. அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அப்பாடா, தமிழ்ப் பிள்ளை," என்றார் இராசநாயகம். வலியிலும் முகம் மலர்ந்துவிட்டது. "எவ்விடம் பிள்ளை நீர்? இந்தியாவோ?"

"மலேசியா அங்கள். கிள்ளான்."

"அதுதானே பாத்தன். படத்திலை கதைக்கிற மாதிரியும் கிடக்கு, இல்லாத மாதிரியும் கிடக்கு."

ரீட் கேட்கக் கேட்க அவள் தமிழில் கேட்டாள். எப்போதிருந்து வலி, எந்தக் கால், படுத்தால் குறைகிறதா. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு ரீட், "கால்களுக்கு நடுவில், உட்காரும் இடத்தில், உணர்வு குறைந்திருக்கிறதா என்று கேள்," என்றார்.

அந்தக் கேள்வி எதற்கு என்று சுபாஷினிக்கு நன்றாகத் தெரியும். முதுகுவலி பார்க்கும் எவருக்கும் முதலில் சொல்லித் தருவதே அதுதான். முதுகெலும்பின் அடியில் கற்றையாக இறங்கும் நரம்புகள் நசுங்கினால், உட்காரும் இடம் மரத்துப்போகும். பிறகு சிறுநீரும் மலமும் மனிதனின் கட்டுப்பாட்டில் இருக்காது. அப்படி இருந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே அறுவை செய்ய வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு உண்டு.

ஆனால் எதிரே இருந்தவருக்கு அவளுடைய அப்பா வயது. சுற்றிலும் மாணவர்கள். கேள்வி அவள் வாய்க்கு வருவதற்குள் தானாகக் கீழே இறங்கிவிட்டது.

"அங்கள், கால் ஏதும் மரத்துப் போன மாதிரி இருக்கா?"

"காலோ? கால் அப்பிடியில்லைப் பிள்ளை. காலிலை நோவு மட்டும்தான்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சுவரைப் பார்த்தார். "இருக்கிற இடம்தான்... முழுக்க விறைச்சுப் போய்க் கிடக்கு. கதிரையிலை இருக்கவே ஒரு மாதிரி."

விறைப்பு என்றால் அவளுக்குக் கஞ்சி போட்ட சட்டை. அணிவகுப்பில் நிற்கும் போலீஸ்காரர். அவள் வீட்டில் உணர்வில்லாமல் போவதை மரத்துப் போச்சு என்பார்கள். அவசரத்தில் மலாய்ச் சொல்லே வந்துவிடும். அம்மா காலை உதறிக்கொண்டு, "கெபாஸ் ஆயிருச்சு" என்பாள்.

"மரத்துப் போகவில்லையாம். பின்பக்கம் ஸ்டிஃப்பாக இருக்கிறதாம்," என்றாள் சுபாஷினி.

"சிறுநீர் கழிப்பதில் சிரமம்?"

"பாத்ரூம் எல்லாம் சரியா போகுதா அங்கள்?"

"ஓம், ஓம். அதுகள் பரவாயில்லை," என்றார் அவர் அவசரமாக.

ரீட் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். காலைத் தூக்கிப் பார்த்தார். ஆடையை விலக்கிப் பார்க்க வேண்டிய பரிசோதனையை அன்று செய்யவில்லை. வெளியே நாற்காலிகள் நிறைந்திருந்தன. பதிலும் தெளிவாகத்தான் வந்திருந்தது.

"தசை இறுக்கம்," என்றார். பிறகு மூலையில் தன் மாணவர்களோடு நின்ற மால்கமின் பக்கம் திரும்பினார். "அப்படியானால் இவர் உங்கள் ஆள், மால்கம். நாளைக் காலையில் பாருங்கள்."

மூன்று மாதத்தில் முதல் நோயாளி. மால்கமுக்குச் சந்தோஷம் வந்தால் காது சிவக்கும். அன்று கழுத்து வரை சிவந்தது. மறுநாள் பத்து மணிக்கு இராசநாயகத்துக்கு நேரம் குறித்துக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் சுபாஷினி சமையலறையில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். முதல் நோயாளி தன் வாயால் வந்தார் என்பதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை. வித்தியா பல் வைத்தியரிடமிருந்து வந்தாள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். வந்ததும் வராததுமாகத் தேநீரை ஊற்றி ஒரு வாய் குடித்தாள். பாதி மோவாய் வழியாக இறங்கியது.

"சிரியாதை எடி. ஊசி போட்டவன்ரை கை நல்ல தாராளம். வாய் முழுக்க விறைச்சுப் போச்சு. தேத்தண்ணியை ஆரோ குடிக்கிற மாதிரிக் கிடக்கு."

சுபாஷினி கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன போச்சு?"

"விறைச்சுப் போச்சு."

"ஸ்டிஃப்பாவா?"

"என்ன ஸ்டிஃப்? விறைப்பு! கிள்ளினாலும் தெரியாது. இஞ்ச பார்." வித்தியா தன் கன்னத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். "விறைப்பூசி போட்டால் விறைக்காமல் வேறென்ன செய்யும்? உங்கடை ஊரிலை இதுக்கு என்னண்டு சொல்லுறது?"

"கெபாஸ்," என்றாள் சுபாஷினி. குரல் எங்கிருந்தோ வந்தது.

"அதென்ன, பஸ்ஸிலை போற மாதிரி."

கடுகு கருகியது. வித்தியாதான் அடுப்பை அணைத்தாள்.

தொலைபேசி வீட்டு நடையில் இருந்தது. மருத்துவமனை எண்ணை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். சுழற்றினாள். எலும்புப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் டாக்டர் வேண்டும் என்றாள். யார் பேசுவது என்று கேட்டார்கள். கைரோபிராக்டிக் மாணவி என்று சொன்னதும் ஒரு சின்ன இடைவெளி. காத்திருங்கள் என்றார்கள். பியானோ இசை ஓடியது.

அவள் சொல்ல வேண்டியதைக் கோத்துப் பார்த்தாள். இன்று மதியம் ஒரு நோயாளி வந்தார். நான் மொழிபெயர்த்தேன். அதற்குப் பிறகு எந்த வாக்கியத்தை எடுத்தாலும் அது தவறாகச் சொல்லிவிட்டேன் என்றுதான் முடிந்தது. மூன்று மாதத்தில் முதல் நோயாளி. மால்கமின் சிவந்த கழுத்து. ஒருவேளை யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லை இரண்டுக்குமே சொல்வார்களோ என்னவோ. சிறுநீர் சரியாகப் போகிறது என்றுதானே சொன்னார். எப்படியும் நாளைப் பத்து மணிக்கு வருகிறார். நேராகக் கேட்டுக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம்.

"ஹலோ?" என்றது மறுமுனையில் ஓர் ஆண்குரல்.

அவள் ரிசீவரை வைத்துவிட்டாள்.

"ஆரடி?" என்றாள் வித்தியா, வாயைத் துடைத்துக்கொண்டே.

"ராங் நம்பர்."

"நீதானே எடுத்தனி. அதெப்பிடி ராங் நம்பர்?"

மறுநாள் கதவு திறக்கும்போதே சுபாஷினி அங்கே இருந்தாள். பத்து மணிக்கு இராசநாயகம் வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. மால்கம் வருவதற்குள் அவரைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். இந்த முறை கேள்வி கீழே இறங்கவில்லை.

"அங்கள், நீங்க உக்கார்ற இடம். கிள்ளினா தெரியுதா?"

"அதைத்தானே பிள்ளை நேற்றும் சொன்னனான். விறைப்பெண்டு."

"யூரின் எப்பப் போனீங்க?"

அவர் அடிவயிற்றில் கை வைத்தார். "நேற்று இராத்திரித் தொடக்கம் போகேல்லை. வயிறு முட்டிக் கிடக்கு. போகவேணும் எண்டு தெரியவும் இல்லை."

அவள் ஓடினாள். படிப்புக் காலம் முழுவதிலும் மருத்துவமனைக்குள் அவள் ஓடியது அன்றுதான். ரீட் ஓர் ஊசிமுனையோடு திரைக்குள் போய் ஒரு நிமிடத்தில் வெளியே வந்தார். அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்கேன். சிறுநீர்க் குழாய். கையெழுத்து. தகவல் அறிந்து பாபகூராவிலிருந்து ரயிலில் ஓடிவந்த மனைவி சரோஜாதேவி. நான்கு மணிக்கு அறுவைக் கூடத்தின் கதவு மூடியது.

வெளித் தாழ்வாரத்தில் ரீட் அவள் தோளில் கை வைத்தார்.

"நன்றாகக் கண்டுகொண்டாய். நேற்று நான் பரிசோதித்திருக்க வேண்டும், அது என் தவறு. மொழி தடுமாறியது யாருக்கும் நடக்கும். அதைக் காலையில் நீயே கண்டுபிடித்தாய் பார், அதுதான் பெரிது."

காலையில் இல்லை, நேற்றுச் சாயங்காலமே என்று சொல்ல அந்த ஒரு கணம் போதும். ஆனால் தலைதான் ஆடியது. அது எந்தப் பக்கம் ஆடியது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ரீட் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பக்கம் மால்கம் பள்ளிக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். "நம் மாணவிதான். ஆமாம், நம் மாணவிதான்."

கால்கள் தப்பின. இராசநாயகம் ஒரு வாரத்தில் நடைச் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சிறுநீர் மட்டும் திரும்பவில்லை. குழாயும், தொடையில் கட்டிய பையுமாக இருந்தார். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், பல மாதம் பொறுக்க வேண்டும் என்றார்கள். பையோடு கிடங்கு வேலைக்குப் போக முடியாது.

அவர் வார்டில் இருந்த நாட்களில் சரோஜாதேவி மத்தியானம் வருவாள். டப்பாவில் இடியப்பமும் சொதியும் இருக்கும். கணவனுக்கு ஒன்று, சுபாஷினிக்கு ஒன்று.

"சாப்பிடும் பிள்ளை. வெக்கப்படாதையும். நீர் இல்லாட்டி இவரின்ரை கதி என்ன?"

"இல்ல ஆண்டி, நான் ஒண்ணும்..."

"பேசாமல் சாப்பிடும். கடவுள்தான் உம்மைக் கொண்டுவந்து அந்தக் கதிரையிலை இருத்தினது." பிறகு கணவன் பக்கம் திரும்புவாள். "இவருக்கு வாய் எங்கை இருக்கு எண்டு கேளும். வீட்டிலை குழம்புக்கு உப்புக் குறைஞ்சால் பாபகூரா முழுக்கக் கேக்கும். டாக்குத்தரிட்டைப் போனால் மட்டும் முணுமுணுப்பு."

"பொம்பிளைப் பிள்ளையிட்டை அந்த இடத்தைப் பற்றி என்னண்டு விளக்கமாக் கதைக்கிறது?" என்பார் அவர். "சரி விடும். பிழை என்னிலைதான். நான் வடிவாச் சொல்லேல்லை."

சுபாஷினி இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். நீங்க வடிவாத்தான் சொன்னீங்க என்று நாக்கு நுனி வரை வரும். அதைச் சொன்னால் அடுத்த வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். சொதியைக் குடித்து அதை உள்ளே தள்ளிவிடுவாள். டப்பாவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பாள். அவளால் முடிந்த பிராயச்சித்தம் அவ்வளவுதான்.

வித்தியா ஒருநாள் கேட்டாள். "உங்கடை ஆஸ்பத்திரியிலை உன்னைத் தலையிலை தூக்கி வைச்சு ஆடுகினமாம், நீ செத்த வீட்டுக்குப் போறவள் மாதிரிப் போறாய். என்னடி?"

"ஒண்ணுமில்ல லா. டயர்ட்."

ஒரு மாதம் கழித்து மருத்துவமனையில் கூட்டம் வைத்தார்கள். கைரோ மாணவர்களைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கும் கூட்டம். மருத்துவர்களும் கைரோக்காரர்களும் சேர்ந்து வேலை செய்தால் என்ன பயன் என்பதற்கு இராசநாயகத்தின் கதையையே எடுத்துக்காட்டாக வைப்பதென்று மால்கமும் ரீடும் பேசி வைத்திருந்தார்கள். சுபாஷினி பேச வேண்டும். இராசநாயகத்தையும் கேட்டார்கள். வருகிறேன், எனக்கும் டாக்டரிடம் ஒரு கேள்வி இருக்கிறது என்று சொல்லியனுப்பினார்.

இந்த முறை மொழிபெயர்ப்பாளர் இருந்தார். வசந்தமலர் என்ற அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். கூட்டம் தொடங்குமுன் இராசநாயகத்துக்கும் சரோஜாதேவிக்கும் நடுவில் உட்கார்ந்து தன் வேலையின் சட்டத்தைச் சொன்னார்.

"இந்த அறைக்குள்ளை ஆர் தமிழிலை கதைச்சாலும் நான் இங்கிலீசிலை சொல்லுவன். இங்கிலீசிலை கதைச்சால் தமிழிலை சொல்லுவன். ஒண்டையும் கூட்டமாட்டன், ஒண்டையும் விடமாட்டன். எனக்கு மட்டும் சொல்லுறன், அவையளுக்குச் சொல்லாதேங்கோ எண்டு ஒருத்தரும் என்னைக் கேக்கக்கூடாது."

"இருமினால்?" என்றார் இராசநாயகம்.

"இருமலுக்கு இங்கிலீசு தேவையில்லை, ஐயா."

சுபாஷினி பேசினாள். தாளைப் பார்த்தே வாசித்தாள். முதல் நாள் ஒரு சொல் இரண்டு ஊர்த் தமிழில் இரண்டு பொருள் தந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அறிகுறியை அடையாளம் கண்டோம். அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் தாளில் ஒரு வெற்று வரி இருந்தது. அவள் அதை அப்படியே தாண்டிப் போனாள். கைதட்டினார்கள். பெரிய டாக்டர் ஒருவர் மால்கமின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மால்கமின் கழுத்து சிவந்தது.

பிறகு ரீட் எழுந்து தன் பக்கத்துத் தவறை ஒளிக்காமல் சொன்னார். நோயாளியிடம், "உங்கள் கேள்வி?" என்றார்.

இராசநாயகம் எழ முயன்றார். பை இடித்தது போலும், மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"டாக்குத்தரைக் குறை சொல்லக் கேக்கேல்லை. நான் முதல் நாளே எல்லாருக்கும் விளங்கிற மாதிரிச் சொல்லியிருந்தால், அண்டு பின்னேரமே வெட்டியிருந்தால், இந்தக் குழாய் இல்லாமல் இருந்திருப்பனோ? மனுசி ஒவ்வொரு நாளும் கேக்கிறா. பிழை என்ரையெண்டால் என்ரையெண்டு ஒரு முடிவு வேணும். இப்பிடி இழுபட ஏலாது."

வசந்தமலர் ஒன்றையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். ரீட் அவரைப் பார்த்தே பதில் சொன்னார்.

"உறுதியாகச் சொல்ல முடியாது. அன்று மாலையே தெரிந்திருந்தால் வாய்ப்பு கூடுதலாக இருந்திருக்கும். ஆனால் அன்று மாலை அது யாருக்கும் தெரியாது."

"அண்டு பின்னேரமே தெரிஞ்சிருந்தால் சுகம் வாறதுக்கு வாய்ப்புக் கூடவாம்," என்றார் வசந்தமலர். "ஆனால் அண்டு பின்னேரம் அது ஒருத்தருக்கும் தெரியாதாம்."

இராசநாயகம் தலையை மெல்ல ஆட்டினார். பிறகு மனைவியைப் பார்த்தார். "கேட்டீரே? சொல்லவேண்டியவன் நான்தானே. அப்ப என்ரை பிழைதான்."

சரோஜாதேவி மடியில் இருந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஈரம் போகத் துடைத்த அதே டப்பா. கூட்டம் முடிந்ததும் சுபாஷினிக்குக் கொடுக்க இன்றும் ஏதோ கொண்டுவந்திருந்தாள்.

"இல்ல அங்கள்."

தன் குரல்தான் அது என்று சுபாஷினிக்குத் தெரியச் சற்று நேரம் பிடித்தது. எழுந்து நின்றுகொண்டிருந்தாள். தாள் நாற்காலியில் கிடந்தது. வசந்தமலர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை ஆங்கிலத்தில் சொன்னார். ரீட் திரும்பிப் பார்த்தார்.

"உங்க பிழை இல்ல. டாக்டர் உக்கார்ற இடத்தைத்தான் கேக்கச் சொன்னாங்க. நான் வெக்கப்பட்டுக் காலைக் கேட்டேன். நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

வசந்தமலரின் குரல் அவள் பின்னாலேயே வந்தது. மால்கம் தலையை நிமிர்த்தினார்.

சுபாஷினி இராசநாயகத்தை மட்டும் பார்த்தாள். அவர் முகத்தில் இன்னும் அவள் மேல் இருந்த நம்பிக்கை அப்படியே இருந்தது. அது போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். பிறகு, அது போனாலும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

"விறைப்புன்னா என்னன்னு எனக்கு அன்னிக்குச் சாயங்காலமே தெரியும், அங்கள். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டேன். டாக்டர் லைன்ல வந்தாரு. நான் ஒண்ணும் சொல்லாம வச்சுட்டேன்."